கைமாத்தா, கிரையமா?

கோயம்புத்தூருக்குக் கடல் கிடையாது. ஆனாலும் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே ஒரு 'கப்பல்' இருந்தது. ஹெச்.எம்.எஸ். கருடா என்று பெயர். சத்தியமாக. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வினோதப் பழக்கம். கரையில் இருக்கும் முகாம், பட்டறை எல்லாவற்றுக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். 1942-ல் தொடங்கிய கருடா, கடற்படை விமானங்களை ரிப்பேர் செய்கிற பட்டறை. 1945-ல் சூலூரில் இன்னொன்று வந்தது. ஹெச்.எம்.எஸ். வைரி. வைரி என்றால் வல்லூறு. எதிரி என்றும் அர்த்தம் உண்டு. துரைமார்களுக்கு இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் யாரோ, குசும்பு பிடித்த ஆள்.

கடற்படைக்குக் கோவையில் என்ன வேலை? கொஞ்சம் சௌகரியம், நிறைய பயம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. விசாகப்பட்டினம், காக்கிநாடா வரை வந்துவிட்டார்கள். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பேச்சு. வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி பண்ணலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஹைகோர்ட் கொஞ்ச நாள் கோயம்புத்தூருக்குக் குடி வந்தது. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளுக்கு மட்டும் போக இடமில்லை. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சுட்டுவிட்டார்கள்.

ஆபத்து வரும்போது யாரை முதலில் நகர்த்துகிறோம், யாரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம், யாருடைய இடத்தில் போய் உட்காருகிறோம்? நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகத்தான் தெரியும். வரவுப் பக்கத்தில் வெற்றி, விஞ்ஞானம், தேசப் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுவார்கள். எதிர்ப் பக்கத்தை யார் எழுதுவது என்பதுதான் கேள்வி.

எல்லாரும் கடலை விட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்த அதே போரில், கடலை நோக்கிப் போன ஒரு கோஷ்டியும் உண்டு. ரேடார் ஆராய்ச்சிக்காரர்கள்.

ரேடார் என்பது இருட்டில் குரல் கொடுத்து எதிரொலியைக் கேட்கிற வேலை. ரேடியோ அலையை அனுப்புவது, அது விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு தூரத்தைச் சொல்வது. நடுவில் மலையும் மாடிவீடும் இருந்தால் சரிப்படாது. கடற்கரை மேடு கிடைத்தால் உத்தமம். அதனால் பிரிட்டனில் இந்த ஆராய்ச்சி 1936-லிருந்து கிழக்குக் கரையில், பாட்ஸி என்ற இடத்தில் ஒரு பெரிய பங்களாவில் நடந்தது. 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும், இது எதிரிக்கு ரொம்பப் பக்கம் என்று அவசர அவசரமாக ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே இடம் போதவில்லை, வசதியும் இல்லை. 1940 மே மாதம் மறுபடி மூட்டை. இந்த முறை தெற்குக் கடற்கரையில், டார்செட் மாவட்டத்தில் ஒரு குக்கிராமம். வொர்த் மட்ராவர்ஸ் என்று பெயர். வேகமாகச் சொன்னால் நம்ம மெட்ராஸ் மாதிரியே கேட்கும்.

கல் வீடுகள், ஆடு மேய்கிற மேடு, அதற்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கடல். அந்த ஊரில் திடீரென்று கோபுரங்களும் குடிசைகளும் முளைத்தன. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடங்களைக் கையகப்படுத்தினார்கள். கோட்டு போட்ட பையன்கள் சைக்கிளில் திரிந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பதுதான். அதில் ஒருவர் பெர்னார்ட் லவல். பின்னாளில் ஜோட்ரெல் பேங்க் என்ற இடத்தில் பிரம்மாண்டமான ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிப் பேர் வாங்கினாரே, அவரேதான்.

1940 ஆகஸ்டில் ஒரு நாள். சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் புது ரேடாரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓர் இளம் உதவியாளரைக் கூப்பிட்டு, ஒரு தகரத்தைக் கையில் கொடுத்து, பாறை விளிம்பு ஓரமாக சைக்கிள் ஓட்டு என்றார்கள். அவர் ஓட்டினார். தகரத்தில் பட்டு எதிரொலி வந்தது. விமானத்துக்குள் வைக்கிற அளவுக்குச் சின்ன ரேடார், இருட்டில் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கிற ரேடார் எல்லாம் இந்தத் தகரத்துக்குப் பிறந்த பிள்ளைகள். தூரத்தில் நின்று பார்த்த ஊர்க்காரர் யாராவது இருந்திருந்தால், போர் வந்து படித்தவனுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

நினைக்கத்தான் முடியும். கேட்க முடியாது. அந்த ஊரில் யாருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, ரகசியம். இங்கேதான் தார்மீகச் சிக்கல் ஆரம்பம். ஒரு ராணுவ ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊருக்கு வந்தால், அதோடு சேர்ந்து எதிரியின் குறியும் உங்கள் ஊருக்கு வருகிறது. நேற்று வரை அந்த ஊருக்குக் குண்டு போட எந்தக் காரணமும் இல்லை. இன்று இருக்கிறது. உங்கள் தலைமேல் ஒரு ரிஸ்க்கை வைத்துவிட்டு, வைத்தது என்னவென்றும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் பிரான்ஸ் கடற்கரையில் ப்ரூனவால் என்ற ஊரில் இறங்கி, ஜெர்மன் ரேடார் ஒன்றைக் கழற்றிக்கொண்டு படகேறி வந்தார்கள். பெரிய சாகசம். கைதட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. நாம் போய்க் கழற்றினோம், அவன் வந்து கழற்றினால்? வொர்த் மட்ராவர்ஸும் கடலோரம்தானே! அந்த மே மாதமே மொத்த நிலையத்தையும் உள்நாட்டில் மால்வர்ன் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பள்ளியின் கட்டடங்களை எடுத்துக்கொண்டார்கள். பையன்கள் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட் மூட்டை கட்டியதும், இவர்கள் மூட்டை கட்டியதும் ஒரே கோடைக்காலம்.

ஆபத்து என்று தெரிந்ததும் விஞ்ஞானிகள் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். எதிரி வந்திருந்தால், ஆராய்ச்சி கிளம்பிப்போனது தெரியாமல்தானே வந்திருப்பான்?

இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே இருந்தது ஹிட்லர். கிராமசபை கூட்டி, ஐயா நாங்கள் இன்ன கருவி செய்யப் போகிறோம், ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தால், மறுநாள் பெர்லினில் தெரிந்திருக்கும். கேட்க முடியாத நேரம் என்று ஒன்று உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் எடுத்ததற்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன பெயர்?

நம் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. கைமாத்து. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, பெரும்பாலும் வட்டியும் கிடையாது. அவசரத்துக்கு வாங்குவது. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவன் ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பூரில் இன்றைக்கும் லட்சக்கணக்கில் கைமாத்து புரள்கிறது என்பார்கள். அங்கே பனியன் தொழில் ஓடுவதே பாதி இதில்தான் என்பது என் சந்தேகம். கைமாத்து வாங்கிவிட்டு, அதைக் கிரையம் என்று சொல்பவனுக்கு நம் ஊரில் வேறு பெயர்.

மால்வர்ன் பள்ளிக்குக் கட்டடம் 1946-ல் திரும்பி வந்தது. சரி, கைமாத்து தீர்ந்தது. வொர்த் மட்ராவர்ஸுக்கு நிலம் திரும்பியது, ரகசியமும் திரும்பியது, ரொம்ப லேட்டாக. 2001-ல் கடலோர மேட்டில் ரேடார் ஆராய்ச்சிக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். திறந்து வைத்தவர் 88 வயது பெர்னார்ட் லவல். அறுபது வருஷம் கழித்துக் கல்லில் எழுதி ஒப்புக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே கடற்கரையில் சில மைல் மேற்கே டைனம் என்று ஒரு கிராமம். அதன் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. 1943 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், டாங்கிப் பயிற்சிக்கு வேண்டும் என்று ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்று. போர் முடிந்தது. 1948-ல் அரசாங்கம் அந்த நிலத்தைச் சட்டப்படி நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. இன்று வரை ராணுவத்திடம் இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளில் டூரிஸ்டுகள் போய் இடிந்த வீடுகளைப் பார்க்கலாம். கைமாத்து எப்படிக் கிரையமானது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

போர்க்காலத்தை விடுங்கள். குண்டு விழாத காலத்தில், நல்ல காரியத்துக்கு, மரியாதையாகக் கேட்டே வாங்கினால்? அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாலக்காடு தாண்டி ராத்திரி ரயிலேறினால் விடியும்போது வந்துவிடும், தும்பா.

1962-ல் விக்ரம் சாராபாய் ராக்கெட் விட இடம் தேடினார். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனை வழியாகப் போகிறது. அதற்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே வராது. ராக்கெட்தான் கதி. எனவே காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஓர் இடம் வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தும்பா அகப்பட்டது. தென்னந்தோப்பு, நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள், நடுவில் புனித மகதலேனா மரியாள் தேவாலயம்.

அடுத்து நடந்ததை அப்துல் கலாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் போய்ப் பார்க்கிறார். பிஷப் உடனே பதில் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார். திருப்பலியில் மக்கள் முன்னால் விஷயத்தை எடுத்து வைக்கிறார். விஞ்ஞானமும் மதமும் இரண்டுமே மனிதருக்கு நல்லதைத்தான் தேடுகின்றன, நம் கோயிலையும் வீடுகளையும் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் நிசப்தம். பிறகு எல்லாரும் ஆமென் என்கிறார்கள்.

ஜனங்கள் வேறு இடத்துக்குப் போனார்கள், அங்கே புதிதாகத் தேவாலயம் எழுந்தது. பழைய தேவாலயம் ராக்கெட் ஆபீசானது. ஜெபம் நடந்த இடம் கலாமின் முதல் பரிசோதனைக் கூடம், பிஷப்பின் அறை வரைபட அறை. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிள் கேரியரில் போயின (இங்கேயும் சைக்கிள்!). ராக்கெட் அமெரிக்காவிலிருந்து, ரேடார் பிரான்ஸிலிருந்து, கம்ப்யூட்டர் ரஷ்யாவிலிருந்து. 1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட் கிளம்பியது. 1968-ல் அந்த ஏவுதளத்தை ஐ.நா.வுக்கே அர்ப்பணித்தார்கள். எந்த நாட்டு விஞ்ஞானியும் வரலாம், ஒளிவுமறைவு இல்லை.

அருமையான கதை. கேட்கும்போதெல்லாம் எனக்கும் தொண்டை அடைக்கும். அடைப்பு விட்ட பிறகு பி.காம். மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும்.

கல்லூரியில் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். சம்மதம் இருந்தால் போதாது, அது சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. மிரட்டி வாங்கியது கூடாது, ஏமாற்றி வாங்கியது கூடாது. இன்னொன்றும் இருக்கிறது, 16-வது பிரிவு. ஒருவர் இன்னொருவரின் மனத்தை ஆளுகிற நிலையில் இருந்து, அந்த நிலையைப் பயன்படுத்தி அனுகூலம் அடைந்தால், அந்தச் சம்மதமும் சுதந்திரமானது இல்லை. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோம். பரீட்சையில் உதாரணம் கேட்டால் சாமியாரும் சீடரும் என்று எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குள், ஆல்டர் முன்னால் நின்று பிஷப் கேட்கிறார். நீங்கள் தும்பாவில் வலை பின்னுகிறவர், மூன்றாவது வரிசையில் பிள்ளைகுட்டியோடு நிற்கிறீர்கள். கையைத் தூக்கி "இல்லீங்க சாமி, எங்களுக்கு இஷ்டமில்லை" என்று சொல்வீர்களா? சொன்னாலும் என்ன ஆகும்? 1894-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசாங்கத்தின் சட்டைப்பையில் இருந்தது. பொதுக் காரியம் என்று நோட்டீஸ் ஒட்டினால் முடிந்தது. அந்த நிசப்தம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று, அங்கே நின்றவர்கள் சொல்லி நாம் கேட்டது ரொம்பக் குறைவு. கதை நமக்கு வந்தது வாங்கியவர்கள் வாயிலாகத்தான்.

அப்படியானால் தும்பாவில் கேட்டது வெறும் நாடகமா? அப்படியும் சொல்ல மாட்டேன். எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கையில் இருந்தும் போய்க் கேட்டார்கள் என்பது சின்ன விஷயமில்லை. கேட்டவன் பதிலுக்காகக் கொஞ்ச நேரமாவது காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் கீழே, கொடுப்பவன் மேலே. இன்னொன்று, வாங்கியவர்கள் அதே ஊருக்கு வந்து, அதே கோயிலில் புறாக்களோடு உட்கார்ந்து, வெடிமருந்தைத் தங்கள் கையாலேயே தொட்டு வேலை பார்த்தார்கள். என்ன செய்கிறோம் என்பதை உலகத்துக்கே சொன்னார்கள். கோயிலை இடிக்கவில்லை, இன்றும் விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. வொர்த் மட்ராவர்ஸில் இல்லாதது இதெல்லாம். கிழக்குக் கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இல்லை. அந்தத் தீவில் இருந்த ஏனாதிப் பழங்குடிகளிடம் யாராவது திருப்பலி மாதிரி ஒன்று வைத்துக் கேட்டதாக எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் சொன்ன ஆமாவுக்கு என்ன விலை? இதைத் தெரிந்துகொள்ள, இல்லை என்று சொன்ன ஓர் ஊரைப் பார்க்க வேண்டும். இருக்கிறது. ஒடிஷாவில் பாலியாபால்.

எண்பதுகளின் நடுவில் அங்கே தேசிய ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க முடிவு செய்தார்கள். கடற்கரை, வேண்டிய அளவு வான்வெளி, எல்லாம் பொருத்தம். ஒரே இடைஞ்சல், நூற்றுக்கும் மேலான கிராமங்களில் மனிதர்கள் இருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, நெல், மீன். செழிப்பான பூமி. மேட்டுப்பாளையம் பக்கம் வெற்றிலை, பாக்குத் தோட்டம் வைத்திருப்பவருக்கு அந்த மண்ணின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஜனங்கள் ஊருக்கு வரும் ரோடுகளில் தடுப்பு போட்டார்கள். அரசாங்க ஜீப் வந்தால் சங்கு ஊதினார்கள், தட்டைத் தட்டினார்கள். சத்தம் கேட்டதும் பெண்களும் குழந்தைகளும் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்கில் இது நடந்தது. தேசத் துரோகிகள் என்ற பட்டமும் கிடைத்தது. கடைசி வரை தளம் அங்கே வரவில்லை.

தேசம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே பீரங்கிச் சோதனை நடந்துவந்த சண்டிப்பூரில் 'இன்டரிம்', அதாவது தற்காலிகச் சோதனைத் தளம் என்று ஒன்றை அமைத்தார்கள். அங்கிருந்துதான் 1989 மே 22 அன்று முதல் அக்னி பறந்தது. பிறகு இன்டரிம் என்பதை 'இன்டகிரேட்டட்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஐ.டி.ஆர். என்ற சுருக்கம் மாறவில்லை, போர்டு எழுதுகிற செலவு மிச்சம். 1993-ல் கலாம் முயற்சியில் ஆளில்லாத வீலர் தீவு கிடைத்தது. அக்னி-5 கிளம்பியது அங்கிருந்துதான். 2015-லிருந்து அதற்கு அவர் பெயர். ஆமாம் என்று சொன்ன தும்பாவில் கலாம் தொழில் பழகினார், இல்லை என்று சொன்ன பாலியாபாலுக்குப் பிறகு மனிதர் இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்தார். முதலிலேயே தேடியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். யாராவது மறுத்தால்தானே தேடத் தோன்றும்?

சண்டிப்பூரில் இப்போதும் ஒரு வழக்கம். பெரிய சோதனை நடக்கிற அன்று சுற்றுவட்டாரக் கிராம ஜனங்களைச் சில மணி நேரம் முகாம்களுக்கு அனுப்பி, அந்த நாளுக்குப் பணம் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீலர் தீவுப் பக்கம் கடல் ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்களில் சோதனையையே நிறுத்தி வைக்க ஏற்பாடு. ஒரு நாள் கைமாத்து, ஒரு சீசன் கைமாத்து. செய்ய முடியாத காரியமில்லை பாருங்கள்.

ராக்கெட், ரேடார் எல்லாம் நமக்கெதுக்கு என்று காங்கேயம், பல்லடம் பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். எனக்கு மாமா முறை ஆகிற ஒருவருக்குக் காங்கேயம் பக்கம் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, நாலு வெள்வேல மரம், மேய்ச்சலுக்கு மாடு. சில வருஷத்துக்கு முன்னால் உயர் அழுத்த மின்கம்பிக்கு டவர் போட அளக்க வந்தார்கள். மாமா வேலியோரம் நின்று கேட்டிருக்கிறார், "யாருங்க நீங்க?" வந்தவர் ஒரு தாளை நீட்டி, "இதுல எல்லாம் இருக்கு பெருசு, படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு ஆணியடித்துக்கொண்டே போயிருக்கிறார்.

பிற்பாடு ஒரு கல்யாணத்தில் மாமாவிடம் நஷ்ட ஈடு பற்றி விசாரித்தேன். "காசு வந்துச்சு மாப்ளே, கம்மிதான், வந்துச்சு. ஊருக்கெல்லாம் கரண்டு போகோணும், அதுவும் எனக்குத் தெரியும். என்ர ஊட்டுக்கும் கரண்டு யாரோ ஒருத்தரு காட்டு வழியாத்தான் வருது. ஆனா ஒரு வார்த்த, திண்ணைல வந்து உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, 'ஐயா, இப்படிங்க'ன்னு சொல்லியிருக்கலாமில்ல? எனக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வந்திருக்காது." பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது.

மாமா சொன்னதில் நியாயம் பாதிதான் என்பது என் கட்சி. திண்ணையில் உட்கார்ந்து தண்ணி குடித்தால் மறுக்க வாய் வராது என்பது, வாங்க வருகிறவனுக்கும் தெரியும். மரியாதையும் ஒரு ஆயுதம்தான். ஆனால் மறு பாதியை ஒதுக்க முடியவில்லை. மின்கம்பி, குழாய் மாதிரி காரியங்களில் எல்லார் கையிலும் வீட்டோ கொடுக்க முடியாது. நடுவில் ஒருவர் மறுத்தால் கோடு நிற்கும். அங்கெல்லாம் கேட்கிற மாதிரி நடிக்காமல் இருப்பதுதான் யோக்கியம். இது கேள்வி இல்லை, எடுக்கிறோம், எடுப்பதற்கு உண்டான விலை இது, மேல்முறையீடு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடலாம். எடுக்கிறபோது கேட்பதாகச் சொல்லி, கேட்டு வாங்குகிற விலையைவிடக் குறைவாகக் கொடுப்பதுதான் எரிச்சல்.

கெயில் எரிவாயுக் குழாய் விவகாரம் ஞாபகம் இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்து விளைநிலங்கள். 2013-ல் விவசாயிகள் எழுந்தார்கள். தமிழக அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்றது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கெயில் பக்கம் தீர்ப்பு சொன்னது. இதற்கான 1962-ம் வருஷத்துச் சட்டம் விசேஷமானது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அடியில் குழாய் போகிற உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். குழாய்க்கு மேலே வீடு கட்டக் கூடாது, ஆழமாக வேர் விடுகிற மரம் வைக்கக் கூடாது. தென்னை வைத்துப் பழகினவனிடம் வெண்டைக்காய் போட்டுக்கொள் என்றால், அது கைமாத்துமில்லை, கிரையமுமில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் அக்கவுன்டன்சி புரொபசர் இருந்தால் கேட்கலாம்.

1894 சட்டம் போய், 2014 ஜனவரியிலிருந்து புது நிலம் கையகப்படுத்தும் சட்டம் இருக்கிறது. பழசுக்கு இது எவ்வளவோ தேவலை. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படுகிற குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதவீதம். அரசாங்கம் தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்தால் சம்மதம் தேவையில்லை. பாதுகாப்புக் காரியம் என்றால் அவசரப் பிரிவு வேறு. அதாவது, கம்பெனிக்காரன் கேட்க வேண்டும், நாம் ஓட்டுப் போட்ட அரசாங்கம் கேட்க வேண்டியதில்லை. போர்க்காலத்து நியாயம் சமாதான காலத்துச் சட்டத்தில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது.

இப்போது நம் கடற்கரையிலும் ஓர் ஏவுதளம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 2,233 ஏக்கர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே வரும், வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் கடல் மட்டும்தான். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம். இடம் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வரவுப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது.

மறு பக்கத்துக்குத்தான் உங்கள் உதவி வேண்டும். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் கொங்கு நாட்டிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அடுத்த தடவை போகிறவர்கள், வேஷத்தைக் கலைத்துவிட்டு, பஸ் ஏறுமுன் பக்கத்து ஊர் டீக்கடை ஒன்றில் கொஞ்சம் உட்காருங்கள். நிலம் கொடுத்தவர்கள் யாராவது நிச்சயம் அகப்படுவார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாம், அது பேப்பரில் வந்துவிடும். யார் வந்து கேட்டார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டார்கள், வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, சொன்னவரை அப்புறம் என்ன செய்தார்கள் என்று விசாரித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.